வெட்டாத மீதி

என் அன்பு வக்கீலம்மாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, கழுத்து வலி இல்லாமல், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்பி இதை எழுத உட்கார்ந்தேன். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்த முதல் வார்த்தையிலேயே கை நின்றுவிட்டது, அதனால் நடமாட்டம் என்று மாற்றிக்கொண்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று உடனே எதிர்க்கேள்வி போடாதே, நாலு வயதிலிருந்து அதையே செய்துதான் வீட்டில் இந்த வக்கீல் என்ற செல்லப்பெயரை வாங்கினாய், கொஞ்சம் பொறு, வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிற மனிதர் எதற்காகக் கடிதம் எழுதுகிறார் என்று கவரைப் பார்த்ததுமே உனக்குப் பக்கென்று இருந்திருக்கும். பயப்படாதே என்று எழுதத்தான் ஆசை. நானே பயந்துபோய்த்தான் இருக்கிறேன், அதை மூடி மறைத்து எழுத எனக்கு வராது.

முதலில் வீட்டுச் சேதி. குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, பிளம்பர் மூன்று முறை வந்து மூன்று முறையும் இனிமே ஒழுகாது சார் என்று சொல்லிவிட்டுப் போனார். மாடி வீட்டுப் பல் டாக்டர் வயலின் கற்றுக்கொள்கிறார், பல்லைப் பிடுங்கும்போதுகூட ஜனங்க இப்படிக் கத்தறதில்லையே என்கிறாள் உன் அம்மா. உன் அறைச் சுவரில் ஈரம் ஏறுகிறது, அலமாரியிலிருந்த உன் புத்தகங்களை எல்லாம் எடுத்து உன் கட்டில் மேல் அடுக்கி வைத்திருக்கிறேன், நோட்டுகள் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. அம்மாவைத் தபால் அலுவலகத்தில் கவுண்டரிலிருந்து எடுத்து உள்ளே கடிதம் பிரிக்கும் மேஜையில் போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்தே பார்க்கிற வேலை, காலுக்கு நல்லதுதான். ஆனால் அதனால் இந்தக் கடிதத்தை நம் தெருக்கோடிப் பெட்டியில் நான் போட முடியாது, போட்டால் மறுநாள் காலை அது நேராக அவள் கைக்குத்தான் போகும், என் கோழிக்கிறுக்கலை அவள் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவாள். ரயில் நிலையத்துப் பெட்டியில் போடப் போகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து வாரத்துக்கு முன்னால் குளிக்கும்போது உன் அம்மாவுக்கு இடது மார்பின் ஓரத்தில், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கட்டி தட்டுப்பட்டது. எங்கள் ஆஸ்பத்திரி சர்ஜனிடமே கூட்டிப் போனேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, ஊசி போட்டு ஒரு துணுக்குச் சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பிவிடலாம், பார்த்துவிட்டு மேலே பேசலாம் என்றார். அன்று வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா கேட்ட முதல் சத்தியம், போன்ல அவகிட்ட மூச்சு விடக் கூடாது, அஞ்சு வருஷம் படிச்சதுக்கு அடுத்த மாசம் பரீட்சை, அவ டிக்கெட் வாங்கிட்டு வந்து நிப்பா என்பதுதான். சத்தியம் செய்தேன். கடிதத்தில் எழுதக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. இந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு வாரம் ஆயிற்று, நீ யாருக்குப் பிறந்தாய் என்று இனியாவது ஊர் சந்தேகப்படாமல் இருக்கட்டும்.

என் வேலை உனக்குத் தெரியும். ஜாடியில் வருகிற சதைத் துணுக்கை ஊறப் போட்டு, மெழுகுக்குள் பதித்துக் கட்டியாக்கி, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்திச் சாயம் ஏற்றி, அதைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டரம்மாவின் மேஜைக்கு அனுப்புவது. இருபத்தாறு வருடமாக இதைத்தான் செய்கிறேன். வெளியே பெஞ்சில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருப்பார்கள், நான் தட்டை எடுத்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போவேன். உள்ளே எல்லாம் முடிவாகிக் கிடக்கிறது, இவர்கள் இப்போது எதைக் கேட்கிறார்கள் என்று நினைப்பேன். இளக்காரமாக நினைத்தேன் என்று சொல்ல முடியாது, பாவமாகவும் நினைத்ததில்லை, அதுபாட்டுக்கு நினைத்துக்கொண்டு போவேன். உன் அம்மாவுக்கு ஊசி போட்டு எடுத்த மறுநாள் காலை, தட்டில் பதினோரு ஜாடி. ஏழாவதில் உன் அம்மாவின் பெயர். பக்கத்தில் வேலை பார்க்கிறவர், வாய் ஓயாததால் நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுவோமே, அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் அந்த ஜாடியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். நான் எட்டாவது ஜாடியை எடுத்துத் திறந்தேன்.

ஐந்தாம் நாள் ரிப்போர்ட் தயார். உன் அம்மா என்னிடம் சொல்லாமல் தானே போய்க் கையெழுத்துப் போட்டுக் கவரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். இன்றோடு பத்தொன்பது நாள். இன்னும் திறக்கவில்லை. எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, நான் தேடவும் இல்லை. பயத்தில் அப்படிச் செய்கிறாள் என்றுதான் முதல் இரண்டு நாள் நானும் நினைத்தேன், பயந்தால் யாரும் செய்வதுதான். மூன்றாம் நாள் கேட்டபோது அவள் நிதானமாக, ரொம்பத் தெளிவாகப் பதில் சொன்னாள். அவள் சொன்னது உன் பாடம்.

உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூட ரிசல்ட் வந்த அன்று காலை அவள் உனக்காக வேண்டிக்கொண்டு நின்றாள், விடைத்தாள் திருத்தி முடிச்சு பத்து நாளாச்சு, இப்ப யாரை வேண்டறே, அச்சடிக்கிறவனையா என்று நான் கேலி செய்தேன், நீ செருப்பை மாட்டிக்கொண்டே, ஏன் வேண்டக் கூடாதுப்பா என்று கேட்டாய். அந்த ஏன் கூடாதுப்பாவைத்தான் கடல் தாண்டிப் போய் ஐந்து வருடமாகத் தத்துவ ஆராய்ச்சியாக எழுதிக்கொண்டிருக்கிறாய். போன விடுமுறைக்கு வந்தபோது துணி மடித்துக்கொண்டே அம்மா கேட்டாள், என்னதாண்டி படிக்கறே, எனக்குப் புரியற மாதிரி சொல்லு என்று. நீ சொன்னாய். நடந்து முடிஞ்சதை மாத்த முடியாதும்மா, கடவுள் இருந்தா அவராலயும் முடியாது. ஆனா மாத்தறது வேற, அது அப்படி நடந்ததுக்கு ஒரு காரணமா இருக்கறது வேற. எல்லாம் முன்கூட்டியே தெரிஞ்ச ஒருத்தர் இருந்தா, நீ நாளைக்கு வேண்டப் போறது அவருக்கு நேத்தே தெரியும், அதைப் பார்த்து நேத்தே செஞ்சிருக்கலாம் இல்ல என்றாய். அவர் இருக்கிறாரா இல்லையா என்பது உன் வேலை இல்லை, அப்படி வேண்டுவதில் முரண்பாடு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உன் வேலை, நீ வேண்டிப் பழக்கமே இல்லை என்றும் சொன்னாய். அதோடு விட்டிருக்கலாம். ஆனா ரிசல்ட் தெரிஞ்சப்புறம் வேண்டறதுக்கு அர்த்தமில்லம்மா, தெரியாத வரைக்கும்தான் கதவு திறந்திருக்கும் என்று முடித்தாய். அவள் தலையாட்டிக்கொண்டே போர்வையின் இரண்டு முனையை உன்னிடம் நீட்டினாள், நீங்கள் இருவரும் மடித்தீர்கள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது அவள் சொல்கிறாள், திறந்தா கதவு மூடிடும். திறக்காத வரைக்கும் நான் வேண்டறது அன்னிக்கு அந்த ஜாடிக்குள்ள என்ன இருந்துச்சுங்கறதுக்கே ஒரு காரணமா இருக்கலாம், நம்ம பொண்ணு சும்மா சொல்ல மாட்டா என்று. எத்தனை நாள் வேண்டினால் போதும் என்று கேட்டேன். போதும்னு எப்படித் தெரியும் என்றாள். அவள் கண்ணில் பைத்தியமும் இல்லை ஒன்றும் இல்லை, தபால்தலையை எண்ணிக் கொடுக்கிறவள் மாதிரி என்னைப் பார்த்தாள். கட்டி பொல்லாததாக இருந்தால் ஒவ்வொரு நாளும் முக்கியம் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சர்ஜன் அறையிலிருந்து இரண்டு முறை அவளுக்குப் போன் வந்திருக்கிறது, எடுக்கவில்லை. ஒன்றுமில்லை என்றால் அவர்கள் எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு மனம் கேட்கிறது, ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு திரும்பி வராத எல்லோரையும்தான் கூப்பிடுவார்கள் என்று இன்னொரு மனம் சொல்கிறது. நாள் முழுக்க இதே வேலை எனக்கு.

நீ கேட்பாய், ரிப்போர்ட்டின் நகல் உங்கள் கோப்பிலேயே இருக்குமே, ஸ்லைடு இருக்குமே, நீங்கள் பார்த்துச் சொல்லலாமே என்று. கோப்பு என் மேஜையிலிருந்து எட்டடி தூரத்தில் இருக்கிறது. பத்தொன்பது நாளாக அந்த அலமாரிப் பக்கம் நான் போகவில்லை. தேவைப்படும் கோப்பை ரேடியோவை எடுத்துத் தரச் சொல்கிறேன், அவரும் ஏன் என்று கேட்காமல் எடுத்துத் தருகிறார், அது எனக்கு இன்னொரு பயம். டாக்டரம்மா எதிரே வந்தால் அவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பின் மாடிப்படியில் இறங்குகிறேன். அன்று அவரே கூப்பிட்டு, வீட்ல போய் டாக்டரைப் பார்த்துட்டாங்களா என்று கேட்டார், பார்த்தாங்க மேடம் என்று பொய் சொன்னேன், குனிந்தபடியே சொன்னேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், நானும் ஆரம்பித்துவிட்டேன். சீவும் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே, எந்தச் சாமி என்று தெரியாமல், அது சாதாரணக் கட்டியாக இருந்திருக்கட்டும், இருந்திருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெளியே பெஞ்சில் இருக்கிறவர்களைத் தாண்டிப் போகும்போது இப்போதெல்லாம் என் கால் தயங்குகிறது. அவளுக்குக் கதவு மூடிவிடுமோ என்று பயம், எனக்கும் அதே பயம்தான் போலிருக்கிறது, அதனால்தான் அவளை அதட்டித் திறக்க வைக்காமல் பத்தொன்பது நாள் விட்டிருக்கிறேன். இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது.

நேற்று சீவும்போது ஒன்று தோன்றியது. அது சரியா என்று கேட்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், நன்றாக யோசித்துப் பதில் போடு. ஒரு மெழுகுக் கட்டியிலிருந்து நாங்கள் நாலைந்து சீவல்தான் எடுப்போம். மீதிக் கட்டியை எண் எழுதி அலமாரியில் பத்திரமாக வைத்துவிடுவோம், யாரும் அதை முழுக்க வெட்டிப் பார்ப்பதில்லை. டாக்டரம்மா அந்த நாலு சீவலைப் பார்த்துவிட்டு முழுக் கட்டிக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறார். வெட்டாத மீதியில் என்ன இருக்கும் என்று வெட்டாமலே அவருக்குத் தெரிகிறது. அப்படியானால் உன் அந்த எல்லாம் தெரிந்த ஒருவர் இருக்கிறாரே, அம்மா இனிமேல் என்ன வேண்டப் போகிறாள் என்பது அவருக்குத் தெரியும் என்றால், கவரைத் திறக்காமலே இருந்திருந்தால் என்னென்ன வேண்டியிருப்பாள் என்பது மட்டும் தெரியாமலா போகும்? அந்த நாலு சீவல் மாதிரி, பத்தொன்பது நாள் வேண்டுதல் அவர் கையில் இருக்கிறது. இன்று திறந்ததால் நாளைய வேண்டுதல் நின்றுபோனாலும், நிற்காமல் இருந்திருந்தால் அது எப்படி இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும், அதையும் சேர்த்தே அன்றைக்குப் பார்த்திருப்பார், திறப்பதால் ஒன்றும் குறையாது. எனக்குத் தோன்றியது இவ்வளவுதான். டாக்டரம்மா சில சமயம், இன்னும் ஆழமா வெட்டிக் குடுங்க என்று மெழுகுக் கட்டியைத் திருப்பி அனுப்புவதும் உண்டு, அதை நினைத்தால் என் வாதத்தின் மேலேயே எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் ஆட்கள் யாராவது இதை ஏற்கெனவே சொல்லி யாராவது மறுத்தும் இருப்பார்கள். மறுத்திருந்தாலும் பரவாயில்லை, அதை அம்மாவிடம் சொல்லாதே. இது சரி, தாராளமாகத் திறக்கலாம் என்று உன் வாயால் அவளுக்குச் சொல். நீ சொன்னதால் மூடினாள், நீ சொன்னால்தான் திறப்பாள். உன்னைக் குற்றம் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே, கேலி செய்து இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தது நான்தான்.

இதுவரை செவ்வாயன்று ஆய்வகத்துச் சாமான் அறையில் சாப்பாட்டு வேளையில் எழுதியது. இன்று வியாழன், வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், ஒளித்து எழுதவில்லை. நேற்று மாலை என் வெள்ளைக் கோட்டைத் துவைக்க எடுத்த அம்மா பையில் கையை விட்டு இந்தக் கடிதத்தை எடுத்துவிட்டாள். நான் வந்தபோது வாஷிங் மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, கடைசித் தாளில் இருந்தாள். முப்பத்தோரு வருஷமா அடுத்தவங்க கடுதாசிதான் என் கையில, ஒண்ணையும் பிரிச்சுப் பார்த்ததில்ல, இதை நீங்க ஒட்டாம வச்சிருந்தீங்க, அதான் படிச்சேன் என்றாள். சத்தியத்தை மீறியதற்குத் திட்டப் போகிறாள் என்று நின்றேன். திட்டவில்லை. அந்த மீதி மெழுகை எத்தனை வருஷம் வச்சிருப்பீங்க என்று கேட்டாள். பத்து வருடம் என்றேன். நடுவுல தூக்கிப் போட மாட்டீங்களே என்றாள். மாட்டோம் என்றேன். என்னோடதும் அங்கதான் இருக்கா என்றாள். இருக்கிறது, ஆனால் நான் பார்க்கவில்லை என்றேன். நீங்க பார்த்திருப்பீங்க, பார்த்துட்டு என்கிட்ட மறைக்கறீங்கன்னு இத்தனை நாள் உங்க முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன் என்று சொல்லிவிட்டு அழுதாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் இப்படித் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம்.

பிறகு எழுந்து உன் அறைக்குப் போனாள். கவர் உன் கட்டில் மெத்தைக்கு அடியில் இருந்திருக்கிறது. அதன் மேல்தான் நான் உன் புத்தகங்களை எல்லாம் அடுக்கியிருக்கிறேன். இருவருமாக அத்தனையையும் இறக்கி வைத்து எடுத்தோம், முதுகு பிடித்துக்கொண்டது. இன்று இருவரும் லீவு போட்டிருக்கிறோம். சர்ஜன் அறைக்கு நானே போன் செய்தேன், பதினொன்றரை மணிக்கு வரச் சொன்னார்கள். அதனால் இதை நீ படிக்கும் வரை இங்கே எந்த வைத்தியமும் காத்திருக்காது, அந்தக் கவலை உனக்கு வேண்டாம். பத்தரைக்குத் திறக்கப் போகிறோம். இப்போது பத்தே கால்.

திறப்பதற்கு உன் அம்மா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள், அதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். நீங்க சொல்றது சரியா இருக்கலாம், ஆனா நீங்களே பயமா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. நான் திறந்தா எனக்கும் மூடிடும், உங்களுக்கும் மூடிடும். அவளுக்கு மூடாது. அவ படிக்கற வரைக்கும் அவளுக்குத் தெரியாது. மீதியை அவ வேண்டட்டும். அவ்வளவுதான் சொன்னாள். அதனால் உள்ளே இருப்பதை இந்தத் தாளில் எழுதப் போவதில்லை. வேறொரு தாளில் எழுதி, மடித்து, நாலு பக்கமும் அவள் கையாலேயே பசை தடவி ஒட்டி இதோடு வைப்போம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பிரயோஜனமில்லை, நடுவில் கார்பன் தாள் வைக்கிறாள், பெற்றவளுக்கு உன்னைத் தெரியாதா. கடிதம் உன்னிடம் வர ஒன்பது நாள் ஆகும் என்கிறாள், அது அவள் தொழில், தப்பாது, அதற்குள் உன் பரீட்சையும் முடிந்திருக்கும். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறது, போனில் குழாயைப் பற்றியும் வயலினைப் பற்றியும்தான் பேசியிருப்போம். எங்கள் குரல் எப்படி இருந்தது என்று இப்போது உட்கார்ந்து நினைத்துப் பார்க்காதே. என் கையெழுத்தை வைத்தும் எதையும் ஊகிக்காதே, அதற்காகத்தான் திறப்பதற்கு முன்னாலேயே கடிதத்தை முடித்துவிடச் சொல்லி அம்மா பக்கத்தில் நிற்கிறாள்.

நீ வேண்டிப் பழக்கமில்லாதவள் என்று அம்மாவுக்குத் தெரியும். நம்பச் சொல்லவில்லை. நம்பாமலே கேட்டாலும் முரண்பாடு இல்லை என்று நீதானே ஐந்து வருடமாக எழுதுகிறாய், அதை ஒரு தடவை அவளுக்காகச் செய்துவிடு. இப்போது என்ன வேண்டுவது, ஆனது ஆகி ஒன்றரை மாதம் ஆயிற்றே என்று தோன்றும். எனக்கும் இருபத்தாறு வருடம் அப்படித்தான் தோன்றியது. கண்ணை மூட வேண்டாம், கையைக் கூப்ப வேண்டாம், உனக்குத் தெரிந்த வார்த்தையில் சொல். அப்புறம் ஒட்டிய தாளைக் கிழித்துப் படி, படித்துவிட்டு உடனே போன் செய், எந்த நேரமானாலும் சரி, எடுப்போம். பக்கத்தில் தோழி யாரையாவது வைத்துக்கொண்டு படி, தனியாக இருக்காதே, சாப்பிட்டுவிட்டுப் படி.

நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க வேண்டும், உன் படிப்பு உனக்குப் பெயர் வாங்கித் தர வேண்டும், எங்கள் ஆசி உன்னோடு எப்போதும் இருக்கிறது. அம்மா கத்தரிக்கோலை எடுத்துவந்துவிட்டாள், பல் டாக்டர் மேலே எதையோ தேய்க்க ஆரம்பித்துவிட்டார், நிறுத்துகிறேன். மறந்துவிடாதே கண்ணு, முதலில் கேள், அப்புறம் கிழி.

இப்படிக்கு,
இன்னும் ஒன்றும் தெரியாத
உன் அப்பா